செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

1987ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு, கீழ்க்கட்டளை முனிரத்தினம் தன் தாய்மாமனிடம் வாங்கிய முதல் உதையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஐந்து வருஷமாக வறண்டு கிடந்த அவர் வீட்டுக் கிணற்றில் நாலடி தண்ணீர் ஏறியது. அன்றைக்கு ஒரு லாரி தண்ணீர் நூற்றைம்பது ரூபாய், ஒரு குடம் நாலணா. தண்ணீர் ஏறியதை முதலில் பார்த்தவள் சமையல்காரி கங்கையம்மாள். அவள் அலறவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. தேய்க்காமல் கிடந்த இரண்டு நாள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். வேலை செய்கிறவர்களுக்கு அற்புதத்தைப் பார்த்து மலைக்க நேரம் கிடைப்பதில்லை.

முனிரத்தினத்தைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. தாம்பரத்தில் ரயில் ஏறித் திருநெல்வேலி வரை போனால் வழி நெடுகச் சுவர்களில் 'ஜலராஜன் பம்பு – பாதாளத்திலிருந்தும் தண்ணீர்' என்று நீல எழுத்தில் எழுதியிருக்கும். அந்த ஜலராஜனின் முதலாளி இவர்தான். 1955இல் குரோம்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கினார். வெள்ளிவிழா கொண்டாடிய வருஷம் தொள்ளாயிரம் பேர் அவரிடம் வேலை பார்த்தார்கள். கீழ்க்கட்டளையில் அப்பாவின் நிலத்திலேயே, பழைய ஏற்றக் கிணற்றைப் பின்கட்டில் விட்டு, எட்டு அறை வைத்து மாடி வீடு கட்டினார். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் முளைத்த வீடுகளெல்லாம் ஆளுக்கொரு ஆழ்குழாய் போட்டு ஆளுக்கொரு ஜலராஜனை மாட்ட, 1982இல் அவர் கிணறே வறண்டது. தன் வினை தன்னைச் சுடும் என்று ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அவரும் விட்டுவிட்டார்.

அதற்கு முந்திய வருஷம்தான் மனைவி அஞ்சம்மாள் போய்ச் சேர்ந்திருந்தார். மூத்த மகன் ஹூஸ்டனில், இளையவன் பம்பாயில். கம்பெனியை இளையவன் டெலிபோனிலேயே நடத்தினான். அப்பாவுக்குச் சேர்மன் என்ற பட்டமும், வருஷத்துக்கு ஒரு பொன்னாடையும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு போன் வரும். மற்ற ஆறு நாளும் எட்டு அறைகளில் மின்விசிறி சுற்றுகிற சத்தம்தான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு நாற்காலி போட்டுக் காபி கொடுப்பார். முகம் தெரியாதவர்கள் மரியாதைக்காக அனுப்பிய கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் போய் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, கடைசிப் பந்திக்கு இலை எடுத்த பிறகும் எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருப்பார். தனியாக இருக்கிறேன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஆள் இருந்தால்தானே.

அந்த வீட்டுக்குத்தான் அமலராணி வந்தாள். வண்டலூர்க்காரி, இருபத்து மூன்று வயது, தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். 'தென்சென்னைத் தொழிலதிபர்களின் சிறுபிராயம்' என்பது ஆய்வுத் தலைப்பு. ஒருவரிடம் பன்னிரண்டு முறை உட்கார்ந்து பேசிப் பதிவு செய்ய வேண்டும் என்று அவளுடைய கைடு சொல்லியிருந்தார். பதினொன்று போதாது, பதிமூன்று அதிகம். செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் வகுப்பு இல்லையாதலால் செவ்வாய். சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிற பெண். துறைக்குச் சொந்தமான டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள், கூடவே ஒரு செருப்புப் பெட்டி. பெட்டியில் அட்டைகள். அவர் பேச்சில் ஒரு பெயர் வந்தால் அந்தப் பெயருக்கு ஒரு அட்டை. அந்த ஆள் மறுபடி எங்கே வந்தாலும் தேதியோடு அதில் ஏறும். இந்த அட்டைப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடப்போகிறது என்று அப்போது அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

முதல் இரண்டு வாரமும் அவர் மேடைத் தமிழில் பேசினார். எளிய உழவர் குடும்பம், அன்னையின் கரங்களில் கயிறு இழுத்த காய்ப்பு, அதைக் கண்டு பிஞ்சு நெஞ்சில் பிறந்த பம்புக் கனவு. கிணறு அசையவில்லை. மூன்றாவது வாரம் அமலராணி டேப்பை நிறுத்தினாள். "சார், இதெல்லாம் உங்க வெள்ளிவிழா மலர்லயே இருக்கு. நான் படிச்சிட்டுத்தான் வந்தேன். சின்ன வயசுல உங்களை யாராவது அடிச்சிருக்காங்களா?"

அறுபத்து மூன்று வயதில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. நாற்பது வருஷமாகக் கோட்டுக்கு உள்ளே மடித்து வைத்திருந்த பேச்சு தானாக வெளியே வந்துவிட்டது. "எங்க மாமன் கீறானே, மாட்டுக்குத் தண்ணி காட்டாம பொன்வண்டு புடிக்கப் பூட்டேன்னு, வூட்டு வாசல்ல வச்சே உதைச்சாம்மா. நானும் சவுரிமுத்தும் எடுத்தோம் பாரு ஓட்டம், திரிசூலம் மலையாண்ட போய்தான் நின்னோம்." சவுரிமுத்து யார் என்று கேட்டாள். அவர்கள் வீட்டு மாடு மேய்த்த பையன், மாதா கோயில் தெரு, தன் வயசு என்றார். அவள் ஒரு புது அட்டை எடுத்தாள். பின்கட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்தடுத்த வாரங்களில் விதி தெளிவாயிற்று. அவர் சிறுபிராயத்தைப் பற்றி உண்மையைச் சொன்னால் தண்ணீர் ஏறும். அதுவும் ஒருவர் கேட்டுச் சொன்னால்தான். ஒரு புதன்கிழமை கிணற்று மேடையில் தனியாக நின்று உள்ளே குனிந்து பேசிப் பார்த்தார். எதிரொலிதான் வந்தது. அமலராணி ஒழுங்கான மாணவி என்பதால் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை விட்டு அளந்து, குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்தாள். பொன்வண்டு, நாலடி. சவுரிமுத்து நீச்சல் கற்றுக்கொடுத்தது, ஆறடி. அம்மாவுக்கு அம்மை வார்த்து வேப்பிலைப் படுக்கையில் கிடந்தது, ஒன்பதடி. பள்ளிக்கூட வாத்தியாரின் குடையைத் திருடியது, இரண்டே அடி. வாத்தியார் நல்லவர் இல்லை போலும்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. கீழ்க்கட்டளையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் பெண்கள் குடத்தோடு ஓடிய வருஷம். முனிரத்தினம் பேசினால் கிணறு ஊறுகிறது என்ற செய்தி ஒரு வாரத்தில் தெருவெல்லாம் பரவி, செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கே கேட்டில் குடங்கள் வரிசை கட்டின. அவர் கேட்டைத் திறந்துவிடச் சொன்னார். வரவேற்பறை ஜன்னலுக்கு வெளியே பெஞ்சு போடச் சொன்னார். மோர் கரைத்து வைக்கச் சொன்னார். அமலராணி பஸ்ஸிலிருந்து இறங்கினால் பத்துப் பேர் வழிவிட்டு நிற்பார்கள். அவள் வர நேரமானால் பத்துப் பேர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துப் புலம்புவார்கள். மாதா கோயில் தெருவிலிருந்து வந்தவர்களில் பேபி என்றொருத்தி, தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், வாயை வாடகைக்கு விடாதவள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார், போன வாரம் மாதிரி ரெண்டடியோட நிறுத்திப்புடாதீங்க. எங்க வூட்ல துணி தோய்ச்சு எட்டு நாளாவுது. ஏதாவது பெரிசா சொல்லுங்க" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

அந்த மூன்று மாதத்தைப் போல ஒரு காலம் அவர் வாழ்க்கையில் இருந்ததில்லை. திங்கட்கிழமையே முகம் மழித்துக்கொள்வார். அடுத்து எதைச் சொல்லலாம் என்று ஈசிச்சேரில் படுத்து யோசித்துக்கொண்டிருப்பார். அவர்கள் வருவது தண்ணீருக்குத்தான், தனக்காக இல்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அதனால் என்ன, வருகிறார்களே.

ஆனால் பத்து வயசு வரைக்குமான பிள்ளைப் பிராயம் எவ்வளவு நீளம் இருந்துவிடும்? ஏப்ரல் கடைசியில் சரக்கு தீர்ந்தது. ஒன்பதாவது வாரம் அரை அடிதான் ஏறியது. பத்தாவது வாரம் வேறு வழியில்லாமல் வெள்ளிவிழா மலரின் முதல் பக்கத்தில் இருப்பதை எடுத்துவிட்டார்: அந்தக் காலத்திலேயே எங்கள் ஊரில் சாதி மதம் பார்க்காமல் எல்லாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்து வளர்ந்தோம், இதே கிணறுதான். மேடையில் சொல்லும்போதெல்லாம் கைதட்டல் வாங்கித் தந்த வாக்கியம். கிணறு ஒரேயடியாகப் பன்னிரண்டு அடி ஏறிற்று. குடங்கள் நிறைந்தன, ஜனம் வாழ்த்திவிட்டுப் போனது. அன்று கீழ்க்கட்டளையில் ஒரு வீட்டிலும் பருப்பு வேகவில்லை. மறுநாள் காலை பேபி ஜன்னலுக்கு வந்தாள். "இன்னா சார் சொன்னீங்க நேத்து? தண்ணியை வாயில வைக்க முடியல. கடல் தண்ணி மாதிரி கரிக்குது." சாக்கடை கலந்திருக்கும் என்றார் முனிரத்தினம். அடுத்த செவ்வாய் இதைக் கேட்ட அமலராணி தன் ஓரக்குறிப்பில் 'உப்பு' என்று ஒரே சொல் எழுதினாள். பதினோராவது வாரம் கிணற்றைப் பற்றியே இன்னொரு பொய், இன்னும் கொஞ்சம் உப்பு. ஜனம் பாதியாகக் குறைந்தது. பெஞ்சில் இடம் காலியாக இருந்தது.

மே மாதம் பன்னிரண்டாம் தேதி பன்னிரண்டாவது செவ்வாய். இதோடு அந்தப் பெண் வரமாட்டாள். கேட்க ஆள் இல்லையென்றால் கிணறு வற்றும். கிணறு வற்றினால் ஒரு ஈ காக்கை கூட அந்தக் கேட்டைத் தாண்டாது. அவரிடம் சொல்லாத நினைவு ஒன்று பாக்கி இருந்தது. ஒன்றே ஒன்று. அதைச் சொன்னால் தண்ணீர் வரும், ஆனால் அதைக் கேட்ட பிறகு இவர்களில் யார் தன் முகத்தைப் பார்ப்பார்கள் என்று பயந்தார். சொன்னாலும் தனிமை, சொல்லாவிட்டாலும் தனிமை.

அமலராணி உட்கார்ந்தாள், டேப்பை ஓடவிட்டாள், செருப்புப் பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். "சார், சவுரிமுத்து. இந்த அட்டையிலதான் அதிகத் தேதி இருக்கு, உங்க அம்மாவைவிட அதிகம். பொன்வண்டு, நீச்சல், குடை, எல்லாத்துலயும் அவன் இருக்கான். உங்களுக்குப் பத்து வயசுக்கு அப்புறம் அவனே இல்ல. எங்க போனான்?"

காலரா என்று ஒரு வார்த்தை அவர் நாக்கு நுனி வரை வந்தது. வெளியே பெஞ்சில் எட்டுப் பேர் இருந்தார்கள். பேபி கம்பியைப் பிடித்து நின்றாள். டேப் கால் மணி நேரம் பாட்டுக்குச் சுற்றியது. "பரவாயில்ல சார், 'தெரியவில்லை'ன்னு எழுதிக்கறேன்" என்று அவள் டேப்பை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கி, கையில் சுருட்ட ஆரம்பித்தாள். அந்த ஒயர் சுருண்டுகொண்டே போவதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. இனி அந்தப் பிளக் ஓட்டையில் யாரும் ஒயரைச் சொருகப் போவதில்லை.

"உக்காரும்மா," என்றார். "அதை மாட்டு."

1934. அதுவும் மழை பொய்த்த வருஷம். மாதா கோயில் தெருக் குட்டை காய்ந்துவிட்டது. அந்தத் தெருப் பெண்கள் இதே கிணற்றுக்குக் குடத்தோடு வந்து, நாலு முழம் தள்ளி நிற்பார்கள். கயிற்றையோ வாளியையோ அவர்கள் தொடக் கூடாது. ஊர்க்காரர்கள் யாராவது மனசு வந்து இறைத்து, தூக்கிப் பிடித்து, குடத்தில் ஊற்றிவிட வேண்டும். வரும் வரைக்கும் நிற்க வேண்டும். வெயிலிலும் நிற்க வேண்டும். அன்றைக்கு அப்பாவும் மாமனும் செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். ஆளுக்கு ஒரு குடம் ஊற்று என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பத்துக் குடம் இறைப்பதற்குள் பிள்ளைக்குக் கை வலித்தது. சவுரிமுத்து பக்கத்தில் நின்றான். கூடச் சேர்ந்து எத்தனையோ குட்டையில் நீந்தியவர்கள். "நீயே எறைச்சுக்கடா" என்று கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு முனிரத்தினம் புளியமரத்தில் ஏறிப் படுத்துக்கொண்டான். சவுரிமுத்து அன்று முழுக்க இறைத்தான். ஒரு குடம் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. குழந்தைகளைக் குளிப்பாட்டினார்கள். மேலே இருந்து பார்க்கும்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்றார் முனிரத்தினம்.

மாமன் இருட்டுவதற்கு முன்பே திரும்பிவிட்டார். கயிறு யார் கையில் இருந்தது என்று பார்த்தார். மரத்திலிருந்து இறங்கிய பிள்ளையைக் கேட்டார். நீயா கொடுத்தாய்? ஒரு உதை தவறாமல் ஞாபகம் இருந்த பிள்ளை சொன்னான்: "நான் குடுக்கல. அவனே எடுத்துகினான்."

சவுரிமுத்துவின் அப்பாவைப் புளியமரத்தில் கட்டினார்கள். பிறகு தீட்டுக் கழிப்பதற்காகக் கிணற்றை இறைத்தார்கள். ஊரே நாக்கு வறண்டு கிடந்த அந்தச் சித்திரையில், இரண்டு ஏற்றம் கட்டி, மூன்று நாள், இருந்த தண்ணீரையெல்லாம் வெற்று வயலில் கொட்டினார்கள். மாதா கோயில் தெரு முழுக்கக் காலிக் குடத்தோடு வரப்பில் நின்று பார்த்தது. மூன்றாம் நாள் சேறு வந்தது. அதோடு ஊற்று அடைத்துக்கொண்டது. அடுத்த மழை வரை ஊருக்கும் தண்ணீர் இல்லாமல் போயிற்று. நாலாம் நாள் விடியலில் சவுரிமுத்து குடும்பம் ஒரு ஆட்டை ஓட்டிக்கொண்டு பல்லாவரம் ஸ்டேஷனுக்கு நடந்தது. கோலார் என்று பேசிக்கொண்டார்கள்.

"அம்மா கையில காய்ப்பு ஒண்ணும் இல்லம்மா," என்றார் முனிரத்தினம். "எங்க வூட்ல எறைக்க ஆளுங்க இருந்தாங்க. அந்த மூணு நாளும் பக்கத்துல நின்னு பார்த்துகினு இருந்தேன். இதுக்கு ஒரு மெஷின் இருந்தா மூணு மணி நேரத்துல காலி பண்ணிடலாமேன்னு தோணிச்சு. பம்பு அப்படித்தான் வந்தது."

அப்போதே கிணறு நிரம்பிவிட்டிருந்தது. மேடையைத் தாண்டி வழிந்து, துளசி மாடத்தைச் சுற்றி, ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்களின் பாதத்தை நனைத்தது. குடத்தை எடுக்க யாரும் குனியவில்லை. முனிரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பவே பயந்தார். திரும்பிய போது பேபி அங்கேயேதான் நின்றாள்.

"தெரியும் சார்," என்றாள். "எங்க தெருவுல பொறக்குற கொயந்தைக்குக் கூடத் தெரியும். நீங்கதான் மறந்துட்டீங்கன்னு நெனச்சோம்."

ஐம்பத்து மூன்று வருஷம் ஒருவருக்கும் தெரியாமல் தனியாகக் காத்துவந்த இரகசியம், நாலு தெரு தள்ளி எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. பேபி சாதாரணமாகத்தான் மேலே சொன்னாள். சவுரிமுத்து அவளுக்குப் பெரியப்பா முறை. கோலார்ச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். வருஷா வருஷம் மாதா திருநாளுக்கு வருவார். இந்த வீட்டுக் கேட்டுக்கு எதிரேதான் பஸ்ஸை விட்டு இறங்குவார். ஆறு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் தூசி அடைத்துப் போய்விட்டார்.

"என்னைப் பத்தி..." என்று ஆரம்பித்தார் முனிரத்தினம்.

"சுவத்துல உங்க பம்பு விளம்பரத்தைப் பார்த்தா நிப்பாரு சார். 'மரம் ஏறுறதுல அவனை அடிச்சுக்க ஆள் கிடையாது'ன்னு சொல்லுவாரு. வேற ஒண்ணும் சொன்னதில்ல." பிறகு அவள் குனிந்து குடத்தை நிரப்பினாள். தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, உப்பு இல்லை என்று மற்றவர்களுக்குச் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு முனிரத்தினம் அழுதார். அமலராணி ஒயரைச் சுருட்டி முடிக்கும் வரை காத்திருந்து, அட்டையில் கடைசித் தேதியை எழுதிக்கொண்டு ஐந்தரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஆய்வேடு அடுத்த வருஷம் ஏற்கப்பட்டது. ஓரத்தில் அடிக் கணக்குகள் எதற்கு என்று தேர்வாளர் கேட்டிருந்தார். திண்டுக்கல்லில் விரிவுரையாளர் வேலை கிடைத்து, இரண்டு பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினாள். மூன்றாவது பொங்கலுக்கு வரவில்லை.

கிணறு அதற்குப் பிறகு வற்றவே இல்லை. கதை கேட்டு ஊறிய தண்ணீர் கதை இல்லாமலே நின்றது. மேடவாக்கம் பக்கம் அடுக்கு வீடுகள் எழும்பி, லாரித் தண்ணீர் விலை ஐந்நூறைத் தொட்ட 1993இலும், கிணற்று மேடைக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது. கேட்டைப் பூட்டுவதில்லை. யார் வேண்டுமானாலும் வந்து இறைத்துக்கொண்டு போனார்கள்.

முனிரத்தினத்துக்கு மட்டும் அது தண்ணீர் தரவில்லை. அவர் விட்ட வாளி காய்ந்து மேலே வந்தது. அவர் சுவிட்சைப் போட்டால் அவருடைய கம்பெனி மோட்டாரே காற்றை இறைத்தது. கங்கையம்மாள் போட்டால் கொட்டிற்று. தொழிற்சாலையிலிருந்து என்ஜினியர் வந்து வால்வை மாற்றிப் பார்த்தார். டாக்டர் வந்து இரத்த அழுத்தம் பார்த்தார், நூற்று முப்பதுக்கு எண்பத்தைந்து, வயசுக்கு மோசமில்லை. கங்கையம்மாள் இறைத்துக்கொண்டுவந்து வைத்த தண்ணீர் அவர் கை பட்டதும் வற்றிற்று. கொஞ்ச நாளில் அதன் விதியும் தெரிந்தது. கிணற்றுக்கு நாலு முழம் தள்ளி அவர் குடத்தோடு நிற்க வேண்டும். மாதா கோயில் தெருவிலிருந்து வந்த யாராவது இறைத்து, தூக்கிப் பிடித்து ஊற்றினால், அந்தத் தண்ணீர் நிற்கும்.

1991இல் ஹூஸ்டனிலிருந்து வந்த மூத்த மகன், அப்பா காலையில் பித்தளைக் குடத்தோடு நிற்பதைப் பார்த்து மானம் போய்விட்டதென்று குதித்தான். பாட்டில் தண்ணீர் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினான். அவன் விமானம் ஏறிய மறுநாள் முனிரத்தினம் அதையெல்லாம் தெருவில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குக் கொடுத்துவிட்டார்.

ஆறு மணிக்குத்தான் அவர்கள் வருவார்கள். அவர் ஐந்தரைக்கே போய் நிற்பார். பேபி வந்தால், "இருங்க சார், மொதல்ல உங்களுக்கு ஊத்திடறேன்" என்பாள். முழங்கால் வலி, பெண் கல்யாணம், ஓவர்டைம் என்று ஊற்றி முடிக்கும் வரை பேசுவாள். மற்றவர்கள் வந்தால் சில நாள் பேசுவார்கள், சில நாள் பேசாமல் ஊற்றிவிட்டுப் போவார்கள். தோல் கம்பெனியில் இரண்டு ஷிப்டு ஓடுகிற மாதங்களில் ஏழரை, எட்டு மணிகூட ஆகிவிடும். அவர் உட்கார மாட்டார். வெயில் ஏறி முதுகில் படும். கேட் சத்தம் கேட்டால் குடத்தை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, யார் வருகிறார்கள் என்று பார்ப்பார்.